சீரகத்துக்குக் காய்ச்சிய கஷாயம்

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை முடிந்து நீயும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று, இனிமேல் கடிதம் மட்டும்தான் எழுத வேண்டும் என உன் மகள் நம் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினாள். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முப்பத்து மூன்று வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து நான் ஏங்கியதும் அது ஒன்றுக்குத்தான்.

அவள் விட்டுப்போன இரண்டு கினிப்பன்றிகளில், மிளகு உன்னிடம் இருக்க, என் வீட்டுக்கு வந்த சீரகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எனக்கு இது புதுப் பிராணி. எலி என்றும் சொல்ல முடியவில்லை, முயல் என்றும் சொல்ல முடியவில்லை. வால் கிடையாது. இரண்டு கையிலும் ஏந்தினால் ஒரு சின்னத் தலையணை கனம். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டாலே விசில் அடிக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ஆண்கள் வளர்ந்ததும் ஒரே கூண்டில் ஒத்துப்போகாமல் காதைக் கடித்துக்கொள்ளும் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. சீரகத்தின் இடது காதில் மிளகின் பல் தடம் இருக்கிறது.

அவள் ஆறு மாதப் பயிற்சி முடித்து ஜூலையில் திரும்பும்வரை இதற்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் குறிக்கிறேன். வந்தபோது எழுநூற்றுத் தொண்ணூறு கிராம். இன்று எழுநூற்று ஐம்பத்தைந்து. இவ்வளவு சத்தாகப் போட்டும் ஏன் குறைகிறது என்று தெரியவில்லை. இடம் மாறிய பிள்ளை முதல் பருவத்தில் கொஞ்சம் வாடத்தான் செய்யும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க மிளகின் விவரம் வேண்டும். எடை எவ்வளவு? என்ன தின்கிறது, எத்தனை வேளை? தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதா, குழாயில் பிடித்ததா? கூண்டில் வெயில் படுகிறதா? பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறது? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, தனியா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. சுருக்கமாக எழுதுகிறேன் என்று எதையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

உன் கேள்வித்தாள் கிடைத்தது. நேரம் இரண்டரை மணி, மொத்த மதிப்பெண் நூறு என்று மேலே எழுத மறந்துவிட்டாய்.

மிளகு கடையில்தான் இருக்கிறது, துணி வெட்டும் மேசைக்குக் கீழே. வெயில் படாது. தனிமையும் கிடையாது. நாள் முழுக்க மூன்று மெஷின் ஓடுகிறது, ஜிப் மாற்ற வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறார்கள். அது எப்போது தூங்குகிறது என்று எனக்குத் தெரியாது. நான் எப்போது தூங்குகிறேன் என்றே எனக்குத் தெரியாது.

தண்ணீர் குழாயில் வருவது. உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் கிடக்கும். அதற்கு மேல் சமையலுக்கு நறுக்கும்போது ஒதுக்குவதெல்லாம் அதற்குத்தான். கொத்தமல்லித் தண்டு, குடைமிளகாயின் காம்புப் பக்கம், காலிஃபிளவர் இலை. என் மகள் ஒரு தாளில் கொடுக்கக் கூடாதது என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு. அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். கடையில் வாங்கிய உருண்டைத் தீவனப் பொட்டலம் வெட்டுத்துணி மூட்டைக்குள் எங்கேயோ போய்விட்டது. பத்து நாளாகத் தேடுகிறேன்.

எடை பார்க்கக் காய்கறிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணூத்தி நாப்பது. சுத்தம் பண்ணித் தரவா, அப்படியே எடுத்துக்கிறியா?" என்றார். மூன்று நாளாகத் தெருவில் இதே பேச்சு.

இப்போது என் கேள்வி. ஒன்றே ஒன்றுதான். உன் கடிதத்தில் "சத்தாகப் போட்டும்" என்று எழுதியிருக்கிறாய். என்ன சத்து? கூண்டைக் கையில் கொடுக்கும் முன் பிள்ளை என்னிடம் சொன்னதை நான் உனக்கு அப்படியே சொன்னேனே, நினைவிருக்கிறதா? "மாமாகிட்ட இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கலாம்மா. அவர் பார்த்துக்கிட்டா போதும். வைத்தியம் மட்டும் பார்க்க வேண்டாம்னு சொல்லிடு." அவ்வளவுதான் கேட்டாள். அவளுடைய கிளிக்குஞ்சு பச்சை உன் கையில் செத்து நாலு வருடம் கழித்து அவளாக வந்து உன்னிடம் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

தங்கை

பிப்ரவரி 16

அன்புள்ள தங்கைக்கு,

கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறேன்.

மருந்து வேறு, சத்து வேறு. உதாரணத்துக்கு, மழையில் நனைந்தபின் தலை துவட்டுவது மருந்து. போகும்போதே குடை எடுத்துக்கொண்டு போவது சத்து. குடை பிடிப்பதை யாரும் வைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். நான் சீரகத்துக்குப் பிடிப்பது குடை மட்டும்தான்.

கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, குடைமிளகாய் பாதி, கொய்யா இலை இரண்டு, கேரட் ஒரு துண்டு. இவற்றை வெந்நீரில் அலசி, பொடியாக நறுக்கி, நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராகும்வரை கொதிக்கவைக்கிறேன். வடிகட்டிய கஷாயம் குடிநீரில். மிச்சத்தை மசித்துக் காலை உணவு. தவிர, கொத்தமல்லியை மூன்று நாள் வெயிலில் காயவைத்துப் பொடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு சிட்டிகை மாலையில். புல்லையும் வெந்நீரில் அலசி மறுபடி காயவைத்துத்தான் போடுகிறேன். உருண்டைத் தீவனம் கண்ணாடி ஜாடிகளில், ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு ஒட்டி, ஜன்னல் விளிம்பில் நல்ல வெளிச்சம் படுகிற இடத்தில் வரிசையாக நிற்கிறது. ஒரு பூச்சி உள்ளே வர முடியாது. இவ்வளவு சுத்தமாக எந்தக் கினிப்பன்றியும் சாப்பிட்டிருக்காது.

உன் மிளகு குழாய்த் தண்ணீரையும் காம்பையும் தின்று எண்ணூற்று நாற்பது. என் சீரகம் எழுநூற்று இருபது. இது எனக்கு உண்மையிலேயே புதிராக இருக்கிறது. கோபப்படாதே, ஆச்சரியமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். வந்த புதிதில் காலையில் கூண்டைத் திறந்தால் சோளம் பொரிவது போல நின்ற இடத்திலேயே துள்ளும். ஒன்பது நாளாகத் துள்ளவில்லை. உரோமம் பழைய பல்துலக்கி போலச் சிலிர்த்து நிற்கிறது.

சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாமல் போகும். நீ சொன்னதில் பெரிய வித்தியாசமாக எனக்குப் பட்டது, உன் கடையில் கூட்டம், என் வீட்டில் நான் மட்டும். ஆகவே இந்த வாரம் தனிமையை மாற்றுகிறேன். கூண்டுக்கு எதிரே ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். ரேடியோவும் போட்டிருக்கிறேன். செய்தி வந்தால் காதை நிமிர்த்துகிறது, வானிலை சொல்லும்போது திரும்பிக்கொள்கிறது.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணா,

குடை பிடித்தும் பிள்ளை நனைகிறதென்றால் குடையில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? நீ கண்ணாடி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் ஒரு கால்சட்டை உட்காரவில்லை என்றால் இடுப்பை ஒரு வாரம், தொடையை ஒரு வாரம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். போட்டுக்கொண்டு வரச் சொல்லி எல்லாப் பக்கமும் ஒரே தடவையில் பார்ப்பேன். பிராணி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. உன் தெரு முனையிலேயே இருக்கிறார் என்று நீதான் சொன்னாய்.

மிளகு தின்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒரு துணிப்பையில் போட்டு உன் ஊர்ப் பக்கம் வந்த சீருடை வியாபாரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஈரத் துணியில் சுற்றியிருக்கிறது. வாடுவதற்குள் கொடு.

பச்சையைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் கிளிக்குஞ்சு மூக்கில் தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தபோதும் நீ இதே போலத்தான் சொன்னாய். மருந்து இல்லை, சும்மா காய்ச்சிய பூண்டுச் சாறு, உடம்புக்குப் பலம் என்று. மறுநாள் காலை கூண்டின் தரையில் கிடந்தது. பிள்ளைக்கு அப்போது பதினேழு வயது. கூண்டைக் கழுவிக் காயவைத்து மாடியில் போட்டாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீ வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த நாலு வருடம் இப்படிப் போயிருக்காது.

தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

பை வந்து சேர்ந்தது. வியாபாரி பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். தழை வாடவில்லை. ஆனாலும் பல கை பட்டு வந்தது என்பதால் நன்றாக வேகவைத்துத்தான் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

எடை அறுநூற்று அறுபது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது. முழங்கால் வீங்கியிருப்பது போல இருக்கிறது, தொட்டால் கத்துகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டேன். ரேடியோவையும் நிறுத்திவிட்டேன். தனிமை காரணம் இல்லை என்று எழுதி அடிக்கோடு போட்டாயிற்று.

டாக்டர் வீட்டு வாசல்வரை ஒரு நாள் போனேன். உள்ளே நாலைந்து நாய்கள், ஒரு பூனைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் பயத்திலேயே உயிர் போய்விடும் என்று திரும்பிவிட்டேன். இந்த வாரம் கஷாயத்தை இரண்டு வேளையாக்கி, இன்னும் நன்றாக வற்றக் காய்ச்சிக் கெட்டியாகக் கொடுக்கிறேன். பலன் தெரிய ஒரு வாரம் ஆகும்.

பச்சையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அப்போதே முற்றிய நோய். நான் கொடுக்காவிட்டாலும் தங்கியிருக்காது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

"முற்றிய நோய்" என்ற இடத்தில் உன் கடிதத்தை மடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு திரைச்சீலையின் விளிம்பு முழுவதும் கோணல். பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், நீதான் குறுக்கே பேச முடியாதே.

நீ ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. மற்றவர்கள் தப்பைத் திருத்தித் திருத்தியே உனக்குச் சொந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒன்பதாவதில் உன் வகுப்பிலேயே உட்கார வேண்டியதாயிற்று எனக்கு. வீட்டில் அண்ணா, வகுப்பில் சார். அரையாண்டுத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பு என்று ஒரு கேள்வி வைத்தாய். வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள முடியாத உயிரினங்கள்: மனிதன், குரங்கு, கோடு. உனக்கு அப்போது வாயெல்லாம் புண். பழம் சாப்பிடு என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தார். நான் விளையாட்டாகக் கோட்டில் "எங்கள் அண்ணன்" என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஒரு மார்க் போயிற்று, முப்பத்து நாலில் நின்றேன், தோற்றேன். விடுமுறையில் எல்லாரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது நான் வீட்டில் உட்கார்ந்து சரியான விடையை நூறு தடவை எழுதினேன். மறக்குமா? மனிதன், குரங்கு, கினிப்பன்றி. மனிதன், குரங்கு, கினிப்பன்றி. மனிதன்

இந்த இடத்தில் கை நின்றுவிட்டது, அண்ணா.

கோபத்தை விடு. நான் சொல்வதைக் கேள். அந்தப் பாடத்தில் நீ கப்பல்காரர்கள் கதை சொன்னாய். மாதக்கணக்காகக் காய்ந்ததையும் வேகவைத்ததையும் மட்டும் தின்றார்கள், ஈறில் ரத்தம் வந்தது, கால் வீங்கியது, எழுந்து நடக்க முடியவில்லை. கரைக்கு வந்து பச்சையாகப் பழமும் கீரையும் தின்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்தச் சத்து கொதிக்கவைத்தால் போய்விடும், வெயிலில் வைத்தால் போய்விடும் என்று கரும்பலகையில் அடுப்பும் சூரியனும் வரைந்தது நீதான். நீ காய்ச்சுகிறாய். காயவைக்கிறாய். தீவனத்தையும் ஜன்னல் வெயிலில் நிறுத்தியிருக்கிறாய். அனுப்பிய காம்பைக்கூட வேகவைத்தாயே.

சத்தியத்தை மீறிப் போன் செய்தேன். நாலு தடவை. நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் உனக்குப் பார்க்கத் தெரியாது. உன் அக்கம்பக்கத்தில் யார் எண்ணும் என்னிடம் இல்லை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு இதை விரைவுத் தபாலில் போடப் போகிறேன். நாளைக் காலை கிடைக்கும் என்கிறார்கள். படித்த கையோடு டாக்டரிடம் போ. எத்தனை நாய் இருந்தாலும் போ.

மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கடிதம் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். நீ எழுதி நிறுத்திய இடத்தில் நானும் நின்றுவிட்டேன்.

அந்தக் கேள்வியை முப்பத்து மூன்று வருடம் வைத்திருக்கிறேன். கப்பல்காரர்களின் காலை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அதே வீங்கிய முழங்கால் ஒரு வாரமாக என் சமையலறையில் என் கண் முன்னால் கிடந்தது. எனக்கு அது பாடத்தில் இருக்கிற விலங்காகத் தோன்றவே இல்லை. அது சீரகமாக இருந்தது.

பழக் கூடையில் துண்டை விரித்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நோட்டைத் திறந்து முழுவதும் வாசித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "இதுல ஏதாவது ஒண்ணு பச்சையா கொடுத்தீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். ஒரு ஊசி போட்டார், வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துத் தினமும் வாயோரத்தில் விட வேண்டும், தண்ணீரில் கலந்தால் வீணாகிவிடும் என்றார். இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். இப்போதும் பிழைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. எடை அறுநூற்றுப் பன்னிரண்டு.

போனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். சத்தியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மணி அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன். உண்மை அது இல்லை. நீ பச்சையைப் பற்றிக் கேட்பாய் என்று பயம். அந்தப் பயத்தில் இதற்கு ஒரு நாள் குறைத்துவிட்டேன்.

அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

என்ன ஆயிற்று என்று ஒரு அஞ்சலட்டையாவது போடு. நாலு வார்த்தை போதும்.

உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நீ எதனால் எல்லாவற்றையும் வேகவைக்கிறாய் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நீ அப்படி இல்லையே. வெள்ளரிக்காயைக் கழுவாமலே கடிப்பாய், அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அண்ணிக்கு உடம்புக்கு வந்து, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை, பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னார். இரண்டு வருடம் தண்ணீர், தட்டு, கரண்டி எல்லாம் கொதிக்கவைத்தாய். அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. நீ அந்த அடுப்பை இன்னும் அணைக்கவில்லை, அண்ணா. உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரைக் கொடுத்தாலும் அண்ணிக்குச் செய்ததையே செய்கிறாய்.

கொத்தமல்லியைக் குழாயில் ஒரு தடவை அலசினால் போதும். மிளகு நலம்.

தங்கை

மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

இடையில் மூன்று அஞ்சலட்டை போட்டேன். "தின்றது" என்று ஒன்று, "நின்றது" என்று ஒன்று, "விசில்" என்று ஒன்று. கிடைத்திருக்கும். இன்று சாவகாசமாக எழுதுகிறேன்.

எழுநூற்று முப்பது கிராம். காலை ஒன்பது மணிக்குக் குடைமிளகாய்த் துண்டோடு கூண்டைத் திறந்தேன். துள்ளியது. முன்பு போல இல்லை. வலது பின்னங்கால் மடங்கவில்லை, அது அப்படியேதான் இருக்கும் என்கிறார் டாக்டர். அதனால் துள்ளல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறங்கும்போது தடுமாறுகிறது. ஆனால் துள்ளல்தான்.

பச்சைக் கொத்தமல்லியை முதல் தடவை நேராகக் கையிலிருந்து கொடுக்கும் முன் குழாயில் மூன்று தடவை அலசினேன். வேகவைக்காத ஒன்றை இன்னொரு உயிரின் வாயில் வைத்து எட்டு வருடம் ஆகிறது. நீ எழுதியது சரிதான். அது எனக்குத் தெரியாமல் இருந்தது. உதாரணம் சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் நானும் ஒரு வெள்ளரிக்காய் கடித்தேன். கழுவித்தான்.

இனி முக்கியமானது. உன் மகளுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து சில வரிகளை உனக்கும் எழுதுகிறேன்.

"பச்சைக்கு நான் கொடுத்தது பூண்டுச் சாறு. மனிதருக்கு நல்லது எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். பூண்டு பறவைக்கு ஆகாது என்று அது போன மறு வாரமே ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்தவன் அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு முற்றிய நோய் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது சளி பிடித்த குஞ்சு. டாக்டரிடம் கொண்டுபோயிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். தப்பு என்னுடையது. சீரகத்துக்கு வந்ததும் என்னால்தான். அதன் கால் இனி நேராகாது. அதைக் காப்பாற்றியது உன் அம்மா. நீ வந்து கூண்டைக் கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காமல் விட்டால் ஜூலைக்குப் பிறகும் பார்த்துக்கொள்வேன்."

நாலு நாளாகப் பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். திருத்திய தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவளுக்கும் நேரம் வேண்டும்.

அரையாண்டுத் தேர்வைப் பற்றி. அந்தக் கேள்விக்கு நீ எழுதிய விடையும் சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மதிப்பெண் கூட்டி முப்பத்தைந்து. தேர்ச்சி.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணா,

முப்பத்தைந்து கிடைத்தது. காய்கறிக் கடைக்காரம்மாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் கழித்து மார்க் போடுகிற வாத்தியாரா, அவரிடம் என் பிள்ளையையும் அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம், பிள்ளையைக் கொதிக்கவைத்துவிடுவார் என்றேன்.

பிள்ளை நேற்று என்னிடம் பேசினாள். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தாளாம். நூலகப் புத்தகத்தைப் பற்றி எழுதிய இடத்தில் கோபம் வந்ததாம், ரொம்ப வந்ததாம். பிறகு "கால் சாய்ஞ்சாலும் துள்ளுதாம்மா?" என்று கேட்டாள். துள்ளுகிறது என்றேன். உனக்கு அவள் தானாக எழுதுவாள். நீ அவசரப்படுத்தாதே. கூண்டைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் எனக்கு வேலை குறைவு. நீ சீரகத்தைத் தூக்கிக்கொண்டு பதினைந்து நாள் இங்கே வந்து இரு. வெட்டும் மேசைக்குக் கீழே இடம் ஒழித்திருக்கிறேன். இரண்டு கூண்டையும் ஒட்டி வைக்கலாம், நடுவில் கம்பி இருக்கட்டும். கடிக்க முடியாது, சத்தம் மட்டும் கேட்கும். நமக்கு அது சரிப்பட்டது, அவற்றுக்கும் சரிப்படலாம்.

வரும்போது அந்தக் கண்ணாடி ஜாடிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வா. தேதிச் சீட்டைக் கிழித்துவிடு. எனக்குப் பொத்தான் போட்டு வைக்க வேண்டும், அவற்றுக்கு வெயில் பட்டால் ஒன்றும் ஆகாது.

எந்தப் பேருந்து என்று எழுத்தில் கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் மாதமே முடிந்துவிடும். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்வேன். எடு.

தங்கை